காலி வீட்டில் ஒரு சுவர்ப் பின்னல்

1

போன வியாழக்கிழமை என் வீட்டைப் பார்க்க குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். என் மனைவி மேரியும் மகள் செசிலியும் பிரான்சுக்கு வரலாமா கூடாதா என்பது அவர் எழுதிக் கொடுப்பதைப் பொறுத்தது. மூன்று பேர் குடியிருக்க இந்த வீடு தகுந்ததுதானா என்று அவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் வருகைக்காகக் கோடையிலிருந்து காத்திருந்தேன்.

அவர் உள்ளே வந்தபோது வீட்டில் ஒன்றும் இல்லை. கட்டில் இல்லை. மேசை இல்லை. அடுப்பு இல்லை, பாத்திரம் இல்லை, ஆணியில் ஒரு சட்டைகூட இல்லை. நடுவில் ஒரு நாற்காலி, அதன் மேல் வெள்ளைத் துண்டு. எதிர்ச் சுவரில், உல்லன் நூலால் கட்டம் கட்டமாகக் கலர் மாற்றிப் பின்னிய ஒரு பின்னல் துடைப்பக் கழியில் கோத்துத் தொங்கியது. அவ்வளவுதான்.

அந்த அம்மாள் வாசலிலேயே நின்றார். காலில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆலையில் நின்றால் வீட்டு ஞாபகம். வீட்டுக்கு வந்தால் படிக்கட்டில் யார் ஏறுகிறார்கள் என்று காது போகிறது. உட்கார்ந்து எழுதினால் கையாவது ஓரிடத்தில் நிற்கும் என்று இதை எழுதுகிறேன். நம் ஊர்க்காரர்கள் போடுகிற மலருக்கு வெளிநாட்டு அனுபவம் எழுதச் சொல்லிப் பல தடவை கேட்டுவிட்டார்கள். இங்கே உள்ள கோபுரம், அரண்மனை பற்றியெல்லாம் என்னைவிட அதிகம் படித்தவர்கள் எழுதிவிட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எனக்கு எழுத இருப்பது இந்த வீட்டு விவகாரம்தான்.

2

வீட்டை ஏன் காலி செய்தேன் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

புதுச்சேரியில் வில்லியனூரைச் சுற்றியுள்ள எங்கள் மாதா கோயில் ஊர்களில் ஈஸ்டர் முடிந்ததும் பங்குச் சாமியார் வீடு வீடாக வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். வீடு மந்திரிப்பது என்று அதற்குப் பெயர். அவர் வருவதற்கு முந்தின நாளே வீட்டில் உள்ள அத்தனையும் வெளியேறிவிடும். நெல் மூட்டை மாட்டுக் கொட்டகைக்குப் போகும். பாய், தலையணை, கட்டில், பானை எல்லாம் எதிர்த்தெருவுக்குப் போகும். எதிர்த்தெருவுக்குச் சாமியார் மறுநாள் வருவார் என்பதால், அன்று அவர்கள் சாமான் நம் வீட்டுக்கு வரும். இரண்டு நாள் யார் பாயில் யார் படுத்தார்கள் என்றே தெரியாது. சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்குச் சாணம். நடுவில் ஒரு நாற்காலி, அதன் மேல் வெள்ளைத் துணி.

அந்த நாற்காலியும் தெருவுக்கு ஒன்றுதான். சாமியார் ஒரு வீட்டை விட்டு முன்வாசல் வழியாகக் கிளம்புவார். நாற்காலி கொல்லைப்பக்கமாக ஓடி, அவர் வருவதற்குள் அடுத்த வீட்டில் துணி போர்த்திக்கொண்டு நிற்கும். கடைசி வீட்டுக்கு வரும்போது அதன் நாலு காலும் சேறாக இருக்கும். அவருக்கும் தெரியும். ஒன்றும் சொல்லாமல் உட்காருவார்.

பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தால் அவர் கண்ணில் நம் சாமான் படக் கூடாது. எங்களுக்கு அதுதான் மரியாதை. வேறு விதமாக நான் யோசித்ததே இல்லை.

எனக்குக் கீழ்மாடியில் தனராசு அண்ணன் இருக்கிறார். பாகூர்க்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. அறுபத்திரண்டில் நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். அவர் கொடுத்தார். நான் அந்தச் சமயத்தில் மண்ணாடிப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டு முடியட்டும், போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். வெட்டு முடிந்தபோது கெடுவும் முடிந்திருந்தது. அதனால் அவர் மனைவி புளோரா அக்கா அவரோடு ஒரே விமானத்தில் வந்து இறங்கினார். என் மனைவி வருவதற்கு முதலில் என் வீட்டுச் சுவரை ஒருவர் வந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அதிகாரி வருகிறார் என்றதும் அவர்கள் இருவரும் என் வீட்டில்தான் இருந்தார்கள். கட்டிலைப் பிரித்து நானும் அண்ணனும் கீழே இறக்கினோம். அக்கா தரையைக் கழுவினார். பனி கொட்டிக்கொண்டிருந்தும் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தார்.

"ஒரு கரண்டி கூட மேல இருக்கக் கூடாது தம்பி. அந்தம்மா வந்து நிக்கசொல்ல வூடு கண்ணாடி மாதிரி இருக்கணும்" என்றார்.

கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

3

பின்னல் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நான் வேலை செய்கிற நூல் ஆலையில் உருளையில் என் வலது கை மாட்டியது. விரல்கள் தப்பின. ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்க மறுத்தன. ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி அறை என்று ஒன்று இருந்தது. முதல் நாள் அங்கே போனபோது தாடி வைத்த, என்னைப் போல் இரண்டு மடங்கு ஆகிருதி உள்ள ஒருவர் குழந்தைக்கான காலுறை பின்னிக்கொண்டிருந்தார். சுரங்கத் தொழிலாளி. தலை நிமிராமல் எனக்கு வணக்கம் சொன்னார்.

பயிற்சி கொடுக்கிற பெண் என் கையில் விரல் தடிமனுக்கு ஒரு கொக்கி ஊசியைக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் குரோஷே என்று சொல்வோமே, அந்த ஊசிதான். ஆனால் நான் ஊரில் பார்த்தது ஈர்க்குச்சியைவிட மெல்லியது. மேரி வைத்திருந்தது அது.

மேரி கரிக்கலாம்பாக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சிஸ்டர்களின் தையல் கூடத்துக்குப் பின்னல் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பீடத் துணிக்கு ஓரம், மேசை விரிப்புக்கு ஓரம். எல்லாமே வெள்ளை. கரும்பு வெட்டு இல்லாத மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பு அந்த வெள்ளை நூலில்தான் எரிந்தது. என்னை அதைத் தொட விடமாட்டாள். தோகை கொளுத்திய கரும்பை வெட்டிய கையில் கரி இருக்கும். ஒரு தடவை புகை பட்டு ஒரு மூலை பழுப்பாகிவிட்டது என்று முழு விரிப்பையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்று அவள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "வெள்ளையப் பாத்துப் பாத்துக் கண்ணே பூத்துப் போச்சுங்க" என்றாள். அழவில்லை. அதை அவிழ்க்க உட்கார்ந்துவிட்டாள்.

முடித்த பின்னலை நான்தான் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பேன். டீக்கடையில் நிற்கிற பையன்கள், ஊசி மாப்ளே என்று கூப்பிடுவார்கள். நான் எதிர்வார்த்தை பேசத் தெரியாதவன். வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

அப்படிப்பட்டவன் கையில்தான் கொக்கி ஊசி வந்தது. முதலில் சங்கிலி மாதிரி ஒற்றை வரிசை போடச் சொன்னார்கள். பிறகு அதன் மேல் வரிசை வரிசையாக ஏற வேண்டும். நூலுக்கு ஒரு கூடை இருந்தது. யார் யாரோ பின்னி மீந்த துண்டு உருண்டைகள். கைக்கு வந்த உருண்டையை எடுப்பேன். கடுகு மஞ்சள் தீர்ந்தால் செங்கல் சிவப்பு, அது தீர்ந்தால் கரும்பச்சை. கட்டம் கட்டமாக அமைந்தது அப்படித்தான். பிறகு பார்க்கிறவர்கள், எவ்வளவு யோசித்துக் கலர் சேர்த்திருக்கிறாய் என்றார்கள். உருண்டை சின்னதாக இருந்தது, வேறொன்றும் இல்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு கட்டத்தின் கடைசிக் கண்ணியைப் பழைய நூலிலேயே முடித்துவிட்டால், அடுத்த கட்டத்தின் முதல் கண்ணி மேல் பழைய கலர் பல் இளித்துக்கொண்டு நிற்கும். கடைசிக் கண்ணியைப் பாதியில் நிறுத்தி, புது நூலைக் கொக்கியில் போட்டு இழுத்து முடிக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு கலருக்கும் நடுவில் வரப்பு நேராக இருக்கும். இது என் கைக்குப் பிடிபட வெகுநாள் ஆனது. விரல் விறைப்பாக இருந்தபோது போட்ட வரிசைகள் இறுகிக்கொண்டன. விரல் இளக இளகப் பின்னலும் இளகியது. அதனால் முழுசாகத் தொங்கவிட்டபோது ஒரு முனை குறுகியும் மறு முனை அகன்றும் இருந்தது. ஈரமாக்கிக் குண்டூசி குத்திக் காயவைத்துக் கொஞ்சம் சரி செய்தேன். முழுசாகச் சரியாகவில்லை.

கை ஓரளவு குணமான பிறகும் விட முடியவில்லை. ஆலையிலிருந்து வந்ததும் கொக்கியை எடுத்தால்தான் மனம் அடங்கும். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பின்னுவேன். ஒரு நாள் தனராசு அண்ணன் திடீரென்று வந்து சுவரில் தொங்குவதைப் பார்த்து, இது ஏது என்று கேட்டார். வாய் தானாகச் சொல்லிவிட்டது, மேரி பின்னி அனுப்பினாள் என்று. புளோரா அக்காவைக் கூட்டிவந்து காட்டினார். அக்கா தடவித் தடவிப் பார்த்து மேரியின் கையைப் புகழ்ந்தார். வீட்டைக் காலி செய்தபோதும் அதை மட்டும் சுவரிலேயே விடச் சொன்னார். அதற்கப்புறம் மாற்றிச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

4

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

அந்த அம்மாள் வெள்ளைத் துண்டு போட்ட நாற்காலியில் உட்காரவில்லை. நானும் அண்ணனும் சுவரோரம் கை கட்டி நின்றோம். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு ஆலைக்குள் செல்லும். அதிகாரி முன்னால் செல்லாது. அண்ணன்தான் பேசினார்.

நீங்கள் எங்கே தூங்குகிறீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். கட்டில் கீழ்மாடியில் இருந்ததால் நான் தரையைச் சுட்டிக் காட்டினேன். எங்கே சமைக்கிறீர்கள் என்றார். மறுபடியும் தரையைச் சுட்டினேன். சாமான் எல்லாம் கீழே தன் வீட்டில்தான் இருக்கிறது என்று அண்ணன் சந்தோஷமாக விளக்கினார். அந்த அம்மாள் எழுதிக்கொண்டார்.

இப்போது நினைத்தால் புரிகிறது. அனுமதிக்காகக் காலி வீட்டை இரவல் வாங்கிக் காட்டிவிட்டு, வேறிடத்தில் நெருக்கிக்கொண்டு குடியிருக்கிறவர்கள் இருக்கிறார்களாம். நாங்கள் மரியாதை என்று நினைத்துச் செய்ததை அவர் அப்படித்தான் படித்தார். எங்கள் வாயாலேயே ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டும் இருந்தோம்.

பிறகு அவர் சுவர் அலமாரியைத் திறந்தார். நாற்காலியும் சுவர்ப் பின்னலும் தவிர, கீழே போகாத ஒரே சாமான் அதற்குள் இருந்தது. என் நூல் கூடை. அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று நான்தான் அங்கே ஒளித்து வைத்திருந்தேன். புதிதாக ஆரம்பித்த இன்னொரு பின்னல், கொக்கி அதிலேயே செருகியபடி. அடியில் நாலைந்து உருண்டை. உருண்டையைச் சுற்றிய காகிதத்தில், இதே நகரத்துக் கோயில் சதுக்கத்தில் உள்ள நூல் கடையின் முத்திரை.

கூடையை எடுத்துக்கொண்டு சுவரில் தொங்கிய பின்னலிடம் போனார். நூலை நூலோடு வைத்துப் பார்த்தார். இதை யார் பின்னியது என்று கேட்டார்.

இவன் மனைவி, நல்ல கைவேலைக்காரி என்று அண்ணன் சொன்னார்.

பிறகு அந்த அம்மாள் என்னைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். "உங்கள் மனைவி ஏற்கெனவே இங்கேதான் இருக்கிறார். இல்லையா?"

அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. அனுமதி இல்லாமல் முன்னாலேயே கூட்டிவந்து ஒளித்து வைத்தால் மனு அதோடு சரி என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். என் பக்கம் திரும்பினார்.

"டேய் அருளு, மேரிய கூட்டியாந்து எங்கனா வச்சிகினு கீறியாடா? எங்கிட்டயே மறைச்சிட்டியா?"

"இல்லண்ணே. நான்தான் பின்னறேன்."

"இன்னா?"

"அது நான் பின்னினது. இதுவும் நான்தான். அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. விளையாடுகிற நேரமா இது என்று பல்லைக் கடித்துக்கொண்டு என்னை அதட்டினார். பாகூர்ச் சொல்தா ஒருவர், தன் ஊர்ப் பக்கத்து ஆம்பளை உட்கார்ந்து குரோஷே போடுகிறான் என்று ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் எந்த வாயால் சொல்வார்? எனக்கு அது புரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

ஆனால் அந்த அம்மாள் பேனாவை எடுத்துவிட்டார். அவர் எழுதி முடித்தால் மேரியும் செசிலியும் வருவது நின்றுபோகும். நான் இரண்டடி முன்னால் போய் என் நெஞ்சைத் தொட்டு, "முவா" என்றேன். நான் என்று அர்த்தம். பிறகு சுவரைக் காட்டி இன்னொரு தடவை. கூடையைக் காட்டி இன்னொரு தடவை. அதற்கு மேல் எனக்கு வார்த்தை இல்லை.

அவர் கூடையை என்னிடம் நீட்டினார்.

நாற்காலியில் உட்காரத் தோன்றவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஈரத் தரை சில்லென்று இருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எனக்கு இன்னும் சரியாகச் சேராது. அதனால் ஊசியைப் பேனா மாதிரிப் பிடிக்க முடியாது. மற்ற மூன்று விரலால் உள்ளங்கையில் இறுக்கி, கரும்பு வெட்டுகிற கத்தி மாதிரிப் பிடித்துத்தான் பின்னுவேன். அப்படியே ஒரு வரிசை போட்டேன். அவசரத்தில் இரண்டு கண்ணி தவறியது. அவிழ்த்துவிட்டு மறுபடியும் போட்டேன். மஞ்சள் கட்டம் முடிகிற இடம் வந்தது. கடைசிக் கண்ணியைப் பாதியில் நிறுத்தி நீலத்தை இழுத்தேன்.

அந்த அம்மாள் குனிந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அவர் சொன்னதை அண்ணன் மொழிபெயர்த்தார். மனைவி விஷயத்தில் நான் சொன்னதை நம்புகிறாராம். ஆனால் கட்டில்கூட இல்லாத வீட்டை மூன்று பேர் வாழத் தகுந்தது என்று அவரால் எழுத முடியாதாம். இன்னொரு தடவை வருவாராம். எப்போது என்று சொல்லமாட்டாராம். அதுவரை வீடு வழக்கமாக இருக்கிறபடியே இருக்கட்டும் என்றாராம்.

5

கட்டிலை மறுபடியும் மேலே ஏற்றினோம். அண்ணன் ஒரு முனை, நான் ஒரு முனை. கடைசிப் படியில் அவர் நின்று மூச்சு வாங்கினார்.

"கோயில்ல யாருனா கேட்டா நான் இன்னாடா சொல்றது?" என்றார்.

கீழிருந்து அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்த புளோரா அக்கா பதில் சொன்னார். "எனக்குப் பட்டன் தெக்கக்கூடத் தெரியாதுன்னு சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ரவிக்கை தைக்க அளவு கொண்டுவரவா என்று ஒருவர் கேட்டார். சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்ததால் இதற்கு இடம் இல்லை.

முன்னால் எழுதியதை நிறுத்திவிட்டுச் சில வாரம் கழித்து இதை எழுதுகிறேன். இந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்டால் நடந்தே கழித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆலையிலிருந்து பேருந்தில் வந்து இறங்கினால் வீடு வரை ஓட்டம். நான் இல்லாத நேரத்தில் அந்த அம்மாள் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போயிருப்பாரோ? ரொட்டி வாங்கப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவேன். ஊரில் மழைக்கு முன்னால் கன்றுக்குட்டி கயிற்றின் நீளத்துக்குச் சுற்றிச் சுற்றி வருமே, அந்த மாதிரி அறைக்குள் சுற்றினேன்.

கொக்கியை எடுத்தாலும் அடங்கவில்லை. அந்த நாட்களில் போட்ட வரிசைகளைப் பிறகு விரித்துப் பார்த்தேன். பயத்தில் நூலை இழுத்து இழுத்துப் பின்னியிருக்கிறேன். ஒரு பக்கம் சுருங்கி, அட்டை மாதிரி விறைத்து நின்றது. முழுவதையும் அவிழ்த்தேன்.

வீட்டை மட்டும் இருக்கிறபடி வைத்துக்கொள்ளப் பழகினேன். அது எனக்கு மிகவும் சிரமமாக இருந்தது. யாராவது வருவார்கள் என்று தெரிந்துகொண்டே கொடியில் பனியனை விட்டு வைப்பது எப்படி? எடுப்பேன். ஞாபகம் வந்து மறுபடியும் போடுவேன்.

6

அவர் வந்த அன்று நான் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தேன்.

பாகூர்ப் பக்கத்துக் கடற்கரை ஆட்கள் காயவைத்த கருவாடு. அண்ணனுக்கு யாரோ கொண்டுவந்து கொடுத்தது, எனக்கும் பங்கு கிடைத்தது. அதன் வாசம் இந்தக் கட்டடத்தில் என்ன பாடுபடுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் அந்த அம்மாள் நிற்கிறார். கைக்குட்டை மூக்குக்குப் போனது. வாணலியை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று பார்த்து அண்ணன் வெளியூர் போயிருந்தார்.

அவர் உள்ளே வந்து தானே ஜன்னலைத் திறந்தார். நாற்காலி மேல் துவைத்த துணி குவிந்திருந்ததால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அடுப்பைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், சுவரில் இருந்த மாதா படத்தையும் பின்னலையும் பார்த்தார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மகள் எங்கே தூங்குவாள் என்று மெதுவாக, சைகையோடு கேட்டார். அறையின் ஓரத்தில் சுவர் உள்வாங்கி ஒரு சின்ன இடம் இருக்கிறது. அதற்குக் குறுக்கே கயிறு கட்டித் திரை போட்டிருந்தேன். திரையை விலக்கிக் காட்டினேன். ஒரு சின்னக் கட்டில் வாங்கிப் போட்டிருந்தேன். சுவர் வெறுமையாக இருந்தது.

அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கூடையில் கிடந்த நூலைக் கண்ணால் காட்டி, இந்தச் சுவருக்கும் ஒன்று பின்னுகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"உங்கள் மகளுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?"

கேள்வி புரிந்தது. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. பதில்தான் இல்லை. நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோது செசிலி தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அனுப்புகிற போட்டோவில் எல்லாம் கறுப்பு வெள்ளையில் இருக்கிறாள்.

தெரியாது என்று சொன்னேன்.

அவர் பேனாவை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். போயிற்று என்று நினைத்தேன். மகளுக்குப் பிடித்தது எதுவென்றுகூடத் தெரியாத தகப்பனிடம் மகளை எதற்கு அனுப்ப வேண்டும் என்று எழுதிவிடுவார் என்று நினைத்தேன். வாணலி இன்னும் கையில்தான் இருந்தது.

அவர் எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று, அலுவலகத்திலிருந்து முறைப்படி செய்தி வரும் என்றார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாக, "வரலாம். இரண்டு பேரும்" என்றார்.

நான் நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. கருவாடு தீய்ந்துபோயிருந்தது. கீழே போய்ப் புளோரா அக்காவிடம் சொன்னேன். அவர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

7

வில்லியனூரில் எங்களுக்குத் தெரிந்த அரிசி ஆலையில் தொலைபேசி உண்டு. அவர்களுக்குத் தந்தி கொடுத்து, நாள் நேரம் சொல்லி, மேரியையும் செசிலியையும் வரவழைத்தேன். தபால் நிலையத்தில் இணைப்புக்காகக் காத்திருந்த நேரத்தில் என்ன பேச வேண்டும் என்று மனப்பாடம் செய்தேன்.

மேரியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. பின்னால் ஆலை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அனுமதி கிடைத்ததைச் சொன்னேன். இரண்டாம் தடவை கத்திச் சொன்னதும், கேட்டுச்சுங்க, கேட்டுச்சு என்றாள். பிறகு செசிலியைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னாள்.

"செசிலி, அப்பா பேசறேம்மா. உனக்கு இன்னா கலரு புடிக்கும்?"

"எதுன்னாலும் சரிங்க" என்றாள்.

அந்த 'ங்க' எனக்கு எங்கேயோ குத்தியது. ஆலை முதலாளியிடம் பேசுகிற மாதிரி பேசினாள். பயப்படாதே, உன் கட்டிலுக்கு மேலே மாட்ட ஒன்று பின்னப் போகிறேன், அதற்காகத்தான் கேட்கிறேன் என்றேன். அவள் தொலைபேசியை விலக்கிக்கொண்டு அம்மாவிடம் பேசுவது லேசாகக் கேட்டது.

"எம்மா, அவருக்கு இன்னா கலரு புடிக்கும்?"

"தெரியலடி. நீயே கேளு."

மேரி உண்மையைத்தான் சொன்னாள். அவளுக்கு வெள்ளை அலுத்துப்போனது எனக்குத் தெரியும். என்னைப் பற்றி அவளுக்கு அப்படி ஒன்றும் தெரியாது. நான் சொன்னதில்லை. சொல்வதற்கு அது ஒரு விஷயம் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

செசிலி திரும்பி வந்தாள். இந்தத் தடவை குரல் கொஞ்சம் கிட்டத்தில் கேட்டது.

"உங்களுக்கு இன்னா கலரு புடிக்கும்ப்பா?"

அப்பா என்றாள். நான் வாயைத் திறந்தேன். நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது, இதற்கு ஒரு பதில் தயாராக இல்லை. யோசிக்கிறேன், யோசிக்கிறேன். நேரம் முடிந்தது என்று இணைப்புக் கொடுக்கிற பெண் குறுக்கே வந்து சொன்னாள். ஆலைச் சத்தமும் நின்றுபோனது.

அவர்கள் வருவதற்கான ஏற்பாடுகள் நடக்கின்றன. கடவுச்சீட்டு, தடுப்பூசி, பயணச்சீட்டு என்று மேரி புதுச்சேரிக்கும் வில்லியனூருக்கும் அலைந்துகொண்டிருக்கிறாள். எனக்கு இன்னும் நிம்மதி வந்தபாடில்லை. விமான நிலையத்தில் இறங்கியதும் செசிலி இதைத்தான் முதலில் கேட்பாள் என்று தோன்றுகிறது. பதில் வராத கேள்வியைக் குழந்தைகள் விடமாட்டார்கள்.

நேற்று வேலை முடிந்ததும் கோயில் சதுக்கத்து நூல் கடைக்குப் போனேன். ஒவ்வொரு உருண்டையாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மகளுக்கா என்று கேட்டாள்.

இல்லை, எனக்கு என்றேன்.

அப்படியும் ஒன்றைக் கையில் எடுக்க முடியவில்லை. கடை சாத்துகிற நேரம் ஆகிவிட்டது. இன்றைக்கும் போகிறேன்.